யாழ்ப்பாண நூலகம்: எரிந்ததும் மிஞ்சியதும்

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த கதை தெரியாத ஈழத்தமிழர் இல்லை. 97,000 புத்தகங்கள் என்ற எண்ணும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த 97,000இல் என்னென்ன இருந்தன என்று கேட்டால், பத்துப் பெயர் சொல்வதற்குள் திணறிவிடுவோம். நானும் திணறியிருக்கிறேன். எரிந்ததைப் பற்றி 40 வருடத்துக்கு மேலாகப் பேசுகிறோம். எரியாமல் மிஞ்சியது எது, அது ஏன் மிஞ்சியது என்று அவ்வளவு பேசியதில்லை. எனக்கு அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. நாளைக்கு எதைக் காப்பாற்றுவது, எப்படிக் காப்பாற்றுவது என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1981 மே 31. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு இன்னும் நான்கு நாள். யாழ்ப்பாணம் நாச்சிமார் கோயிலடியில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் தேர்தல் கூட்டம் நடந்த இடத்தில் காவலில் நின்ற பொலிஸார் சுடப்பட்டார்கள். அதற்குப் பிறகு தொடங்கிய வெறியாட்டத்தில் பொலிஸாரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் நகரத்துக்குள் இறங்கினார்கள். கூட்டணியின் அலுவலகம், யாழ்ப்பாணத் தொகுதி எம்.பி. யோகேஸ்வரனின் வீடு, ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் அச்சகமும், பூபாலசிங்கம் புத்தகசாலை என்று ஒவ்வொன்றாக எரிந்தன. முற்றவெளிக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நின்ற நூலகமும் எரிந்தது. பன்மொழி அறிஞரான தாவீது அடிகள் தொலைவிலிருந்து அந்தத் தீயைப் பார்த்து, அதிர்ச்சி தாங்காமல் அங்கேயே உயிர்விட்டார் என்பதை யாழ்ப்பாணத்தில் இன்றும் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள்.

எரிந்தவற்றின் பட்டியலைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு நூலகம், ஒரு பத்திரிகை, ஒரு புத்தகக்கடை. எழுத்து எங்கெல்லாம் சேர்ந்து கிடந்ததோ அங்கெல்லாம் தீ போயிருக்கிறது.

ஒரு வீட்டில் தொடங்கியது

அந்த நூலகத்தை எந்த அரசும் கட்டித் தரவில்லை. 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் இருந்த புத்தகங்களை அக்கம்பக்கத்தாருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்துக்கு ஒரு இலவசத் தமிழ் நூலகம் வேண்டும் என்று ஊருக்கு வேண்டுகோள் விட்டார். ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். 1934 ஆகஸ்ட் 1 அன்று ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 புத்தகங்களோடும் முப்பதுக்கு மேற்பட்ட பத்திரிகைகள், சஞ்சிகைகளோடும் நூலகம் திறந்தது. அடுத்த ஆண்டே அதை உள்ளூராட்சிச் சபை பொறுப்பேற்றது.

844 புத்தகங்கள் என்பது இன்று ஒரு பள்ளிக்கூட அலுமாரிக்குள் அடங்கிவிடும். அது 97,000 ஆனது ஊர் மக்களின் கையால். கட்டட நிதிக்குக் களியாட்ட விழா வைத்தார்கள், அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றார்கள், கச்சேரி வைத்தார்கள். புனித பத்திரிசியார் கல்லூரியின் லோங் அடிகளார் இந்த முயற்சிக்கு முன்நின்றார். சைவ ஊர் ஒன்றின் நூலகத்துக்கு அயர்லாந்துப் பாதிரியார் ஒருவர் ஓடியாடி உழைத்ததும், வாசலில் சரஸ்வதி அமர்ந்திருந்ததும் யாருக்கும் முரணாகத் தெரியவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். நூலகம் எப்படி அமைய வேண்டும் என்று ஆலோசனை சொல்ல இந்தியாவிலிருந்து நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் வந்தார். சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைபடம் போட்டுக் கொடுத்தார். 1959 ஒக்டோபர் 11 அன்று அன்றைய மேயர் அல்பிரட் துரையப்பா கட்டடத்தைத் திறந்துவைத்தார்.

செல்லப்பா வீட்டில் முதல் புத்தகம் இரவல் போன நாளிலிருந்து கணக்கிட்டால், கட்டடம் திறக்க ஏறக்குறைய 26 வருடம். அது எரிய அதற்குப் பிறகு 22 வருடம்கூட ஆகவில்லை.

நூலகம் பெரிதாகப் பெரிதாக, வீட்டு அலுமாரிகளிலும் தனியார் சேமிப்புகளிலும் இருந்த அரியவை அங்கே வந்து சேர்ந்தன. "வீட்டிலே கிடந்தால் கறையான் தின்றுவிடும், நூலகத்தில் இருந்தால் பத்திரம்" என்ற நம்பிக்கை. அப்படித்தான் எவரும் நினைப்பார்கள். ஓலைச்சுவடிகள், பழைய பத்திரிகைக் கட்டுகள், அறிஞர்களின் சொந்த நூல் சேகரிப்புகள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே குவிந்தன. அந்த நம்பிக்கையில் தவறு இல்லை. ஆனால் ஒரே ஒரு படி மட்டும் இருந்த ஒன்றை ஓரிடத்தில் கொண்டுபோய் வைக்கும்போது, அந்த இடத்தின் விதியே அதன் விதியாகிவிடுகிறது.

வைபவமாலை எரிந்ததா?

நூலக எரிப்பைப் பற்றிப் பேசும் எவரும் யாழ்ப்பாண வைபவமாலையைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில், 1736 அளவில் எழுதியதாகச் சொல்லப்படும் நூல் அது. யாழ்ப்பாண அரசர் காலத்தைப் பற்றி நமக்கு இருக்கும் முக்கியமான தமிழ் ஆதாரங்களில் ஒன்று. "உலகில் இருந்த ஒரே பிரதி எரிந்துவிட்டது" என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள்.

சுவடி போயிற்று என்றால் அது பேரிழப்புத்தான். ஓலையின் எழுத்து, ஏடு எழுதினவரின் பிழை, ஓரத்துக் குறிப்பு இவையெல்லாம் அச்சில் வராது. ஆனால் நூல் போகவில்லை. 1879இலேயே கிறிஸ்தோபர் பிறிற்றோ அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்டுவிட்டார். 1949இல் குல. சபாநாதன் தமிழில் நல்ல பதிப்பு ஒன்று கொண்டுவந்தார். தீ வருவதற்கு முன்பே அந்த நூல் பல வீடுகளுக்கும் பல ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றைக்கு எந்த மாணவரும் அதை எடுத்துப் படிக்கலாம்.

இப்போது அதே நூலின் தொடக்கத்துக்குப் போவோம். மயில்வாகனப் புலவர் தான் எவற்றைப் பார்த்து எழுதினார் என்று சொல்கிறார்: கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை. முதல் இரண்டும் இன்று நம்மிடம் உண்டு. பின் இரண்டும் இல்லை. அவற்றை யாரும் எரிக்கவில்லை, எந்தப் பொலிஸும் வரவில்லை. யாரும் பெயர்த்தெழுதவில்லை, யாரும் அச்சேற்றவில்லை, அவ்வளவுதான். எந்த வீட்டில், எந்த ஆண்டில் கடைசி ஏடு செல்லரித்து உதிர்ந்தது என்றுகூட நமக்குத் தெரியாது.

தீயில் சிக்கிய நூல் பிழைத்திருக்கிறது. தீயே காணாத நூல் அழிந்திருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து, நூலக எரிப்பைப் பற்றிய என் எண்ணமே மாறிவிட்டது. எரித்தவர்களின் குற்றம் எள்ளளவும் குறையவில்லை. அதற்கு மேல், நம் பக்கத்திலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று புரிந்தது.

யாழ்ப்பாணத்துக்கு அந்த வேலை புதிதும் இல்லை. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் நிறுவினார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை தொட்டால் ஓரம் உதிர்கிற, கட்டை அவிழ்த்தால் முறிகிற ஏடுகளைத் தேடித் தேடி எடுத்து அச்சேற்றினார். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர் அவர். இவர்கள் சேர்த்து வைக்கிற ஆட்களாக மட்டும் இருந்திருந்தால் இன்று நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. சேர்த்ததைப் பலமடங்கு ஆக்கி ஊருக்குள் விட்டார்கள்.

கட்டடம் திரும்பி வந்த விதம்

எரிப்புக்குப் பிறகு நூலகத்தின் ஒரு பகுதியைத் திருத்தி 1984இல் திறந்தார்கள். ஆனால் இராணுவம் தங்கியிருந்த கோட்டைக்கு அவ்வளவு அருகில் இருந்த இடம். போர் மூண்டதும் மறுபடி சிதைந்து, கைவிடப்பட்டது. 1990களின் முடிவில் அரசு புனரமைப்பைத் தொடங்கியது. தென்னிலங்கையிலும் "ஒரு புத்தகம், ஒரு செங்கல்" என்று நன்கொடை திரட்டினார்கள். 2003 பெப்ரவரியில் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். எதிர்ப்பு எழுந்து விழா நின்றது. மாநகரசபை உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். அப்புறம் ஆரவாரம் இல்லாமல் நூலகம் வாசகருக்குத் திறந்தது.

அப்போது நடந்த வாதம் முக்கியமானது. எரிந்த சுவரை அப்படியே விட வேண்டும், அதுதான் சாட்சி என்றது ஒரு தரப்பு. வெள்ளையடித்துத் திறந்தால் குற்றத்தையும் சேர்த்து வெள்ளையடித்ததாகிவிடும் என்பது அவர்கள் பயம். பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டும், இடிபாட்டில் உட்கார்ந்து யாரும் படிக்க முடியாது என்றது இன்னொரு தரப்பு. நான் இரண்டாவது தரப்பின் பக்கம்தான். நூலகம் என்றால் வாசிக்க வேண்டும். ஆனாலும் முதல் தரப்பின் பயம் நியாயமானது என்பதை இன்று அந்த வாசலில் நிற்கும் எவரும் உணரலாம். பழைய வடிவிலேயே திருப்பிக் கட்டிவிட்டார்கள். முன்னால் அதே சரஸ்வதி. வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் அதே வெள்ளை. வெளியூரிலிருந்து வரும் ஒரு பிள்ளை படம் எடுத்துக்கொண்டு, அழகான கட்டடம் என்று சொல்லிவிட்டுப் போகும். கூட வந்தவர் சொன்னால்தான் தீயைப் பற்றி அதற்குத் தெரியும். ஒரு மூலையையாவது கருகிய நிலையில் விட்டிருக்கலாம் என்பது என் மனக்குறை.

எரிப்பின் நினைவைக் கட்டடம் சுமக்காததால் வேறு சில சுமந்தன. கவிதை சுமந்தது. எம். ஏ. நுஃமான் எழுதிய புத்தரின் படுகொலை என்ற கவிதையை அறியாத ஈழத்து வாசகர் குறைவு. கிழக்கிலங்கையின் முஸ்லிம் கவிஞர் ஒருவர் யாழ்ப்பாணத்துத் தீயை எழுதினார். அது பல மொழிகளுக்குப் போனது. வருடாவருடம் ஜூன் முதலாம் திகதியை நினைவுகூருகிற வழக்கமும் இருக்கிறது. புத்தகங்கள்? அவை எப்படித் திரும்பி வந்தன?

கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது அல்ல

இங்கேதான் நூலகம் என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்தின் கதை வருகிறது. பெயரே நூலகம்தான். 2005 தொடக்கத்தில் சில இளைஞர்கள், சம்பளம் இல்லாமல், கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஆரம்பித்த வேலை. அவர்களுக்கு முன்னோடியாக 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் இருந்தது. அது பெரும்பாலும் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு வெளியிட்டது. நூலகமும் முதலில் தட்டச்சில்தான் தொடங்கியது. ஒரு நூலைத் தட்டச்சிட வாரக்கணக்கில் ஆகும். பக்கங்களை அப்படியே ஸ்கேன் செய்தால் ஒரு நாளில் முடியும். அழிவு எவ்வளவு வேகத்தில் வருகிறதோ அந்த வேகத்துக்கு ஓட வேண்டும் என்று ஸ்கேன் செய்வதற்கு மாறினார்கள். என் பார்வையில் அந்த முடிவுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

எதைச் சேர்ப்பது என்பதில் அவர்கள் எடுத்த முடிவு அதைவிடப் பெரியது. இலக்கியம், வரலாறு, ஆராய்ச்சி என்று உயர்ந்ததாகக் கருதப்பட்டதை மட்டும் எடுக்கவில்லை. பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், சனசமூக நிலையத்தின் வெள்ளிவிழா மலர், துண்டுப்பிரசுரம், கையெழுத்துச் சஞ்சிகை, நின்றுபோன சிற்றிதழ், பாடத்திட்டப் புத்தகம் எல்லாம் உள்ளே வந்தன. அவற்றோடு கல்வெட்டும் வந்தது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டி நடக்கும். அன்று வீட்டுக்கு வருபவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அதற்குப் பேச்சுவழக்கில் கல்வெட்டு என்று பெயர். அட்டையில் நினைவு மலர் என்று இருக்கும். முதல் பக்கத்தில் படம், பிறந்த திகதி, மறைந்த திகதி, திதி சொல்லும் வெண்பா. பிறகு தேவாரம், திருவாசகம், சிவபுராணம். நடுவில் வாழ்க்கைக் குறிப்பு: எந்த ஊர், யாருடைய மகன், எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார், மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்தாரா, அநுராதபுரத்தில் கடை வைத்திருந்தாரா. கடைசியில் வம்சாவழி, நன்றியுரை. சில வீடுகளில் கைவைத்தியக் குறிப்பும் பிள்ளைகளுக்கு மனக்கணக்கும்கூடப் போடுவார்கள், வைத்திருக்கிறவர்கள் எறியாமல் வைத்திருக்கட்டும் என்று.

இதை யாரும் வரலாற்று நூல் என்று நினைத்து அச்சடிப்பதில்லை. பெரிய நூலகங்கள் இதை வாங்கி அடுக்குவதும் இல்லை. ஆனால் ஒரு கிராமத்திலிருந்து ஐம்பது கல்வெட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தால், அந்த ஊரிலிருந்து யார் எப்போது எங்கே வேலைக்குப் போனார்கள், எந்த ஊரோடு கொண்டு கொடுத்தார்கள், எந்த ஆண்டுக்குப் பிறகு நன்றியுரையில் கொழும்பும் லண்டனும் கனடாவும் வரத் தொடங்கின என்று எல்லாம் தெரியும். பிள்ளைகள் இருக்கும் ஊர்களை அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கம். 1960களின் கல்வெட்டில் அந்த அடைப்புக்குறிக்குள் இலங்கை ஊர்களே இருக்கும். 1990களின் கல்வெட்டில் ஒரு வீட்டுக்குள் நான்கு நாடு இருக்கும். புலம்பெயர்வின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக எழுத யாராலும் முடியாது.

இன்னொன்று, கல்வெட்டு இருநூறு முந்நூறு என்று அச்சாகி அன்றே அத்தனை வீடுகளுக்கும் போய்விடுகிறது. பாதுகாக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை; பங்கிட்டதே பாதுகாப்பாகிவிட்டது. இடம்பெயர்ந்தபோது ஒரு வீட்டில் போனாலும் இன்னொரு வீட்டில் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 அன்று போர் நெருங்கியதால் வலிகாமப் பகுதி முழுக்கக் கிளம்பி, லட்சக்கணக்கான சனம் செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்த இரவில், ஆட்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். காணி உறுதி, அடையாள அட்டை, நகை, பிள்ளையின் சான்றிதழ், கல்யாணப் படம். அந்தப் பைகளுக்குள் அங்கங்கே ஒரு கல்வெட்டும் போயிருக்கிறது. அப்பாவின் படம் அதில்தானே இருக்கிறது.

வேலை எப்படி நடக்கிறது

இந்த வேலையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பொத்தானை அமுக்குவது என்று நினைக்கிறார்கள். உண்மையில் முக்கால்வாசி வேலை அதற்கு முன்னாலும் பின்னாலும்தான். ஒரு வீட்டுக்குப் போய், புத்தகத்தை நம்பித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். போர்க்காலத்தில் பலமுறை பறிகொடுத்த ஆட்கள் எளிதில் தர மாட்டார்கள். அதில் பிழை சொல்லவும் முடியாது. எடுத்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவது இதனால்தான் முக்கியமாகிறது. மூலம் வீட்டிலேயே இருக்கட்டும், நகல் மட்டும் போதும் என்றால் பெட்டி திறக்கும். பழைய நூலகம் மூலத்தை வாங்கி வைத்தது. புதியது நகலை வாங்கிக்கொண்டு மூலத்தை விட்டுவருகிறது.

பிறகு தூசி தட்டி, ஒட்டிய தாளைப் பிரித்து, கிழிந்ததை நேராக்கி, ஒவ்வொரு பக்கமாக எடுக்க வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் அச்சுத்தாள் கிடைக்காமல் பத்திரிகைகள் கொப்பித்தாளில், கோடு போட்ட தாளிலேயே வந்தன. அந்தத் தாள் இப்போது பழுப்பேறி, மடித்த இடத்தில் பிளக்கிறது. ஓலைச்சுவடி என்றால் வேறு பக்குவம்: எண்ணெய் பூசி ஓலைக்கு நெகிழ்ச்சி கொடுத்து, கரி தடவி எழுத்தைத் தெரியவைத்து, பிறகு படம். பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தோடு சேர்ந்து வடபகுதி வீடுகளிலும் கோயில்களிலும் இருந்த சுவடிகளை இப்படி எடுத்திருக்கிறார்கள். வைத்தியம், சோதிடம், மந்திரம், புராணம், காணிக் கணக்கு என்று அவற்றில் எத்தனையோ வகை.

எடுத்த பிறகு விவரம் எழுத வேண்டும். தலைப்பு, எழுதியவர், அச்சகம், ஆண்டு, பக்கம், இதழானால் உள்ளே என்னென்ன கட்டுரை. இது சலிப்பான வேலை. ஆனால் விவரம் இல்லாத படம் கிணற்றில் போட்ட கல். யாரும் தேடி எடுக்க முடியாது. இந்த இடத்தில் இங்கிலாந்தில் வாழும் நூலகவியலாளர் என். செல்வராஜாவின் நூல்தேட்டத்தைச் சொல்லாமல் போக முடியாது. ஈழத்தமிழர் எழுதிய நூல்களைத் தொகுதிக்கு ஆயிரமாக விவரித்து, 2002 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவருகிறார். புத்தகம் கையில் இல்லாவிட்டாலும், அப்படி ஒன்று இருந்தது என்பதாவது பதிவாகிறது. எரிந்தது எது என்று கேட்டு நாம் திணறுவதற்குக் காரணம் இப்படி ஒரு பட்டியல் 1981க்கு முன் பரவலாக எல்லோர் கையிலும் இல்லாததுதான்.

உரிமைப் பிரச்சினையும் உண்டு. இலங்கைச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 70 வருடம் வரை உரிமை நிற்கும். எனவே உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களிடமும் மறைந்தவர்களின் குடும்பங்களிடமும் ஒவ்வொருவராக அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலானோர் மனமுவந்து கொடுக்கிறார்கள். தன் புத்தகத்தின் கடைசிப் பிரதியை இடப்பெயர்வில் தொலைத்துவிட்டு, வேறொருவர் வீட்டிலிருந்து வந்த ஸ்கேனில் அதைத் திரும்பப் பார்த்து அழுத எழுத்தாளரை எனக்குத் தெரியும்.

இன்றைக்குப் பல்லாயிரக்கணக்கான ஆவணங்கள் அந்த எண்ணிம நூலகத்தில் திறந்து கிடக்கின்றன. காசு இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் பேத்தியும் கிளிநொச்சியில் இருக்கும் ஆசிரியரும் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் படிக்கலாம்.

அச்சேறாதவர்களின் நினைவு

இவ்வளவு பாராட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. கல்வெட்டு அச்சடிக்கக் காசு வேண்டும். படித்த குடும்பம், காணி உள்ள குடும்பம், வெளிநாட்டில் பிள்ளை உள்ள குடும்பம்தான் அச்சடித்தது. யாழ்ப்பாணத்தில் கோயில் வாசலுக்குள் விடப்படாமல் நின்ற மக்கள், 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக அடி வாங்கிய மக்கள், அவர்களுடைய தாத்தா பாட்டிகளுக்குக் கல்வெட்டு அச்சாகியிருக்குமா? அச்சுக்குள் இருந்ததை மட்டும் காப்பாற்றினால், அச்சுக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் இன்னொரு முறை தள்ளப்படுவார்கள்.

1990 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சோனகத்தெருவின் மக்களுக்கு இரண்டு மணிநேர அவகாசம்தான் கிடைத்தது. பெரும்பாலோர் புத்தளத்துக்குப் போனார்கள். அவர்களிடம் யாழ்ப்பாணத்தைப் பற்றிய நினைவு இருக்கிறது. கடை, பள்ளிவாசல், ஒஸ்மானியாக் கல்லூரி, தையல் மெஷின், அயல்வீட்டுத் தமிழ்ச் சிநேகிதி. காகிதம் குறைவு, ஏனென்றால் காகிதத்தை எடுத்துக்கொண்டு போக விடவில்லை. நூலகம் எரிந்ததை நினைவுகூரும் நாம் இதையும் அதே குரலில் சொல்லப் பழக வேண்டும்.

இப்படிப்பட்ட இடங்களுக்கு ஸ்கேனர் உதவாது. ஒலிப்பதிவுக் கருவிதான் வேண்டும். எண்ணிம நூலகமும் வாய்மொழி வரலாறுகளைப் பதிவுசெய்யத் தொடங்கியிருக்கிறது. மலையகத் தமிழர்கள் இதில் வேறொரு வழி காட்டினார்கள். தங்கள் முன்னோர் தோட்டத் தொழிலுக்கு வரத் தொடங்கி 200 ஆண்டு ஆனதை ஒட்டி, 2023 ஜூலை கடைசியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அன்று கப்பலில் வந்திறங்கிக் காட்டு வழியே நடந்தவர்கள் போன திசையில் பேரப்பிள்ளைகள் நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை; கல்வெட்டும் இல்லை. கால் நடந்த தடமே ஆவணம் ஆனது.

ஒரு கவலையும் எனக்கு இருக்கிறது. இணையத்தில் போட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்ற நிம்மதி, "நூலகத்தில் வைத்துவிட்டோம், பத்திரம்" என்ற 1970களின் நிம்மதியைப் போலவே இருக்கிறது. கணினிச் சேமிப்பகத்துக்கு வாடகை கட்ட வேண்டும், தட்டு பழுதாகும், தன்னார்வலர்களுக்குப் பிள்ளைகுட்டி ஆகும், நன்கொடை வறண்டால் வேலை மந்தமாகும். ஆகவே பிரதிகளை வெவ்வேறு நாடுகளில் வைப்பதும் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து வேலை செய்வதும் கட்டாயம். அதற்கு மேல், வாசிப்பவர்கள் தங்களுக்கு வேண்டிய கோப்பை இறக்கித் தங்களிடம் வைத்துக்கொள்வது மிக நல்லது. உங்கள் ஊரைப் பற்றிய மலர் ஒன்று அங்கே இருந்தால் இன்றைக்கே இறக்கி வையுங்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு கல்வெட்டு உண்டு. அம்மம்மாவின் அப்பாவுடையது. றங்குப்பெட்டிக்குள், பழைய காஞ்சிபுரச் சேலைக்கு அடியில் கிடந்தது. தேவாரம் முழுசாக இருக்கிறது, வெண்பா இருக்கிறது, வாழ்க்கைக் குறிப்பில் முக்கால்வாசி இருக்கிறது. வம்சாவழி இருந்த கடைசி இரண்டு தாளைக் கறையான் தின்றுவிட்டது. போன மாதம் கோண்டாவிலில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஃபோன் எடுத்து, அவர்களிடம் ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன்.

"சீயாவின்ர கல்வெட்டோ? இடம்பெயர்ந்து போகேக்க கொண்டுபோனது ஞாபகம் இருக்கு ராசா. திரும்பி வரேக்க கொண்டுவந்தனோ தெரியாது. கொம்மாவின்ர மச்சாள் வீட்டில, சுன்னாகத்தில, ஒண்டு குடுத்தவை. அவையள் இப்ப ஜெர்மனியில. நம்பர் தாறன், கேட்டுப் பார்."

நம்பரை எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, அங்கே அவர்கள் வேலைக்குப் போகாத நேரம் பார்த்து எடுக்க வேண்டும்.